சுவிஸ் மெஷினுக்குப் பயந்து மகள் தூங்குறதில்ல: மஸ்கெலியா பக்கத்து அம்மாவுக்கு ஒரு பதில்

மஸ்கெலியா பக்கத்துத் தோட்டம் ஒண்ணுல இருந்து ஒரு அம்மா எழுதியிருக்காங்க. பேரு, தோட்டம், டிவிஷன் எல்லாத்தையும் எடுத்துட்டேன், ஒண்ணு ரெண்டு விவரத்த மாத்தியும் இருக்கேன். கடிதம் நாலு பக்கம், சுருக்கிச் சொல்றேன்.

அவங்க கொழுந்து பறிக்கிறாங்க, வீட்டுக்காரர் கொழும்புல கடையில வேலை, ரெண்டு மாசத்துக்கு ஒருக்கா தான் வருவார். மூத்த மகளுக்கு பதினஞ்சு வயசு, அடுத்த வருஷம் ஓ/எல் பரீட்சை, விஞ்ஞானம்னா உயிரு. ரெண்டு மாசமா புள்ள ராத்திரி தூங்குறதில்ல. போன்ல பாத்த வீடியோ தான் காரணம், சுவிஸ்ல பூமிக்கடியில பெரிய மெஷின் இருக்காம், அதுல கருந்துளை உண்டாகி பூமியையே உள்ளுக்கு இழுத்துருமாம், 2008ல ஒருக்கா வெடிச்சத மறைச்சுட்டாங்களாம். "எல்லாம் போகப் போகுது, நான் எதுக்கும்மா படிக்கணும்"னு கேக்குதாம். தாய்மாமன் ஜெனீவாவுல ஹோட்டல் வேலை செய்றார், அவருக்கு போன் எடுத்து "மாமா வந்துருங்க"னு அழுதிருக்கு. கோயில்ல ஒரு பெரியவர், அந்த மெஷின் இருக்குற எடத்துல நடராஜர் சிலைய வெச்சிருக்குறதே உலகத்த அழிக்கத்தான்னு சொன்னாராம். டியூஷன் சேர் ஒருத்தரு வேற "விஞ்ஞானிகளே நூத்துக்கு நூறு பயமில்லனு சொல்ல மாட்டாங்க"னு சொல்லிட்டுப் போயிட்டார்.

அம்மா கேக்குறது: இது நெசமா, போனப் பிடுங்கி வெச்சிரலாமா, பேய்க் கோளாறுனு மந்திரிக்கச் சொல்றாங்க போகலாமா, கேஸ் போட்டு மெஷின நிப்பாட்ட முடியாதா. கடைசிப் பக்கத்துல, மை தீந்த பேனாவால மங்கலா ஒரு வரி: "மழ பேஞ்சா காம்பராவுக்குப் பின்னால மண்ணு சரியுது, அதுக்கும் புள்ள பயப்படுது, ஆனா அது எங்களுக்குப் பழகிப் போச்சு." காம்பராங்குறது தோட்டத்து லயத்துல ஒரு குடும்பம் குடியிருக்குற அறை.

தங்கச்சி, நீங்க எழுதினத ரெண்டு தரம் படிச்சேன். கவுன்சிலிங் வேலைக்கு வர முன்னுக்கு நான் பதினோரு வருஷம் ஏ/எல் பௌதிகவியல் படிப்பிச்சவன், அதனால உங்க கேள்விக்கும் பதில் சொல்லலாம், மகளோட கேள்விக்கும் சொல்லலாம். நேர் பதில் முதல்ல: இல்ல, அந்த மெஷினால பூமி அழியாது. ஆனா இந்த ஒரு வரிய மட்டும் மகள்ட்ட போய்ச் சொன்னா வேலைக்காகாது, "ஒண்ணும் ஆகாது, போய்ப் படு"னு நீங்க எத்தனையோ தரம் சொல்லியாச்சு, அவ நம்பல. காரணத்தோட சொன்னா தான் அவளுக்கு எடுபடும். அதனால கீழ உள்ளத அவளையே வாசிக்க விடுங்க, பக்கத்துல நீங்களும் இருங்க.

மெஷின்ல நடக்குறது என்ன

பேரு லார்ஜ் ஹேட்ரன் கொலைடர், சேர்ன்ங்குற ஆராய்ச்சி நிறுவனத்தோடது, சுவிஸ் பிரான்ஸ் எல்லையில ஏறக்குறைய 100 மீட்டர் ஆழத்துல 27 கிலோமீட்டர் சுத்தளவுல வட்டமா ஒரு சுரங்கம், ஹட்டன்ல இருந்து தலவாக்கலைக்குப் போறத விடத் தூரம். அதுக்குள்ள புரோத்தன்கள, அதாவது அணுவோட கருவுல இருக்குற குட்டித் துணிக்கைகள, ஒளியோட வேகத்துக்குக் கிட்ட கொண்டு போய் எதிரும் புதிருமா மோத விடுறாங்க. 2008 செப்டம்பர் 10 முதல் தரம் சுத்த விட்டாங்க, ஒம்பது நாள் கழிச்சு 19ஆம் திகதி ரெண்டு காந்தத்துக்கு நடுவுல ஒரு கரண்ட் இணைப்பு பழுதாகி, டன் கணக்குல ஹீலியம் கசிஞ்சு, வரிசையா காந்தங்கள் நாசமாகி, திருத்தி எடுக்க ஒரு வருஷத்துக்கு மேல போச்சு. வீடியோக்காரங்க "வெடிச்சது, மறைச்சுட்டாங்க"னு சொல்றது இதத்தான். மறைக்கல, சேர்னே அறிக்கை போட்டுச்சு, யாருக்கும் காயமும் இல்ல. அதோட முக்கியமா, அந்த நேரம் புரோத்தன் மோதல் ஆரம்பிக்கவே இல்ல, நடந்தது கரண்ட் கோளாறு.

2022 ஜூலை 5ல 13.6 டெரா இலத்திரன்வோல்ட்ல, அது துணிக்கையோட சக்திய அளக்குற அலகு, மோத விட ஆரம்பிச்சாங்க. அந்தக் கிழமை தான் "வேற உலகத்துக்குக் கதவு தொறக்குது"ங்குற வீடியோ எல்லாம் சுத்துச்சு. கேக்குறதுக்குப் பெரிய தொகை மாதிரி இருக்கு, ஆனா ஒரு டெரா இலத்திரன்வோல்ட்ங்குறது கொசு ஒண்ணு பறக்குறப்ப அதுட்ட இருக்குற சக்தி அளவு தான், ஆகவே ஒரு மோதல்ல இருக்குறது பதினாலு கொசுவோட சக்தி. அத அணுவ விடச் சின்ன எடத்துல நெருக்கி வெக்கிறாங்க, விசேஷம் அதுல தான் இருக்கு. கோடிக்கணக்கான புரோத்தன் சேந்து ஓடுற மொத்தக் கற்றைக்கு சக்தி அதிகம், தப்பினா மெஷினயே ஓட்டை போட்டுரும், அத வாங்கி நிப்பாட்டத் தனியா கிராஃபைட் கட்டை வெச்சிருக்காங்க. அந்த ஆபத்து சுரங்கத்தோட முடிஞ்சிரும், கற்றை ஓடுறப்ப ஒரு ஆளும் சுரங்கத்துக்குள்ள இருக்க விடுறதில்ல. உங்க அண்ணன் அங்க நிம்மதியா வேலை செய்யட்டும்.

இப்ப கருந்துளை. சின்ன எடத்துக்குள்ள திணிவு அளவுக்கு மீறி அமுங்கி, ரொம்பக் கிட்டப் போனா ஒளி கூடத் திரும்பி வர முடியாத ஒண்ணு அது. அது வாய தொறந்து எல்லாத்தையும் உறிஞ்சுறதுனு வீடியோல காட்டுறாங்க, அது பிழை. கருந்துளையோட இழுவை அதோட திணிவப் பொறுத்தது. ஒரு மோதலோட சக்தி முழுசும் கருந்துளையா மாறுச்சுனே வெச்சாலும் அதோட திணிவு ஏறக்குறைய 14,500 புரோத்தன் தான், கண்ணுக்குத் தெரியாத தூசியோட கோடியில ஒரு பங்கு கூட வராது, அப்ப இழுவையும் அவ்வளவு தான். சாதாரண ஈர்ப்புக் கணக்குப்படி இந்த மெஷினுக்கு கருந்துளை உண்டாக்குற சக்தியே இல்ல. நமக்குத் தெரிஞ்ச மூணு பரிமாணத்துக்கு மேல மறைஞ்ச பரிமாணம் இருக்குனு சொல்ற சில கோட்பாடுகள்ல மட்டும் தான் அதுக்கு எடம் இருக்கு, அப்படி உண்டானாலும் அந்தக் கணமே ஆவியாயிரும்னு தான் ஸ்டீபன் ஹோக்கிங்ங்குற பௌதிக விஞ்ஞானியோட கணக்கு சொல்லுது. இத்தனை வருஷமா தேடியும் பாத்தாங்க, ஒண்ணும் ஆப்பிடல.

மகள் கேட்ட கேள்வி

கடிதத்தோட ஒரு துண்டுக் காகிதம் வெச்சிருந்தீங்க, கொப்பித் தாள்ல கிழிச்சது, மகளோட எழுத்து. "வானத்துல இருந்து வர்ற துணிக்கை பூமியில மோதியும் ஒண்ணும் ஆகலைனு சொல்றாங்க. ஆனா அதுல உண்டாகுறது வேகத்தோட பூமியத் தாண்டிப் போயிரும், மெஷின்ல உண்டாகுறது மெதுவா இங்கயே நின்னுட்டா?"

தங்கச்சி, பதினோரு வருஷம் படிப்பிச்சதுல இப்படி ஒரு கேள்விய ரெண்டு மூணு புள்ளைங்க தான் என்ட்ட கேட்டிருக்கு. அத வாசிச்சிட்டு கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன்.

முதல் பாதிய விளக்குறேன். விண்வெளியில இருந்து காஸ்மிக் கதிர் எந்நேரமும் நம்ம மேல விழுது. உள்ளங்கைய விரிச்சுப் பிடிச்சா அந்தக் கதிர் காத்துல மோதி உண்டாகுற மியூவோன்ங்குற துணிக்கை விநாடிக்கு ஒண்ணு ரெண்டு அதுக்குள்ளால போகுது, நம்ம மலைநாட்டுல கொழும்ப விடக் கொஞ்சம் கூட, ஏன்னா தலைக்கு மேல காத்து குறைவு. 1991 ஒக்டோபர் 15 அமெரிக்காவுல யூட்டாவுல ஒரு துணிக்கைய அளந்தாங்க, ஒத்தத் துணிக்கை, ஆனா அதோட சக்தி லெதர் போல் ஒண்ண மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்துல எறியிற அளவு, 50 ஜூல். காத்துல இருக்குற அணுவோட அது மோதுனப்ப உள்ள மோதல் சக்தி இந்த மெஷின விட பல பத்து மடங்கு. அவ்வளவு பெருசு அபூர்வம், ஆனா மெஷின் அளவு மோதல் பூமியில 400 கோடி வருஷத்துக்கு மேலா நடந்துக்கிட்டே இருக்கு, இந்த மெஷின் தன் ஆயுசுல செய்யப் போறத இயற்கை பூமி மேல ஆயிரக்கணக்கான தரத்துக்கும் மேல செஞ்சு முடிச்சிருச்சு.

ரெண்டாவது பாதியில தான் மகள் ஓட்டையக் கண்டு பிடிச்சிருக்கா, அது நெசமாவே ஓட்டை தான். நிக்கிற அணுவுல வேகமான துணிக்கை மோதுனா உண்டாகுறதும் வேகமா ஓடும், பூமிய ஊடுருவிப் போயிரும். மெஷின்ல ரெண்டு பக்கமும் சம வேகத்துல வந்து மோதுறதால மெதுவானதும் உண்டாகலாம். இத பௌதிக விஞ்ஞானிகளும் தங்களத் தாங்களே கேட்டாங்க, கிடிங்ஸ், மங்கானோனு ரெண்டு பேர் 2008ல அதுக்குனே நீண்ட ஆய்வு ஒண்ணு எழுதினாங்க. பூமிக்குப் பதிலா வெண்குள்ளன்ங்குற நட்சத்திரங்களப் பாருங்கனு சொன்னாங்க. சூரியனோட திணிவு பூமி அளவு உருண்டைக்குள்ள அமுங்கி இருக்குற நட்சத்திரம் அது, ஒரு கரண்டி எடுத்தா டன் கணக்குல நிறுக்கும், அவ்வளவு இறுக்கம். வேகமா வர்ற கருந்துளையா இருந்தாலும் அதுக்குள்ள மாட்டிக்கிட்டு நின்னுரும், தாண்டிப் போக முடியாது. ஆபத்தான கருந்துளை இப்படி உண்டாகுறது நெசம்னா அந்த நட்சத்திரங்கள் எப்பவோ தின்னு தீந்திருக்கணும். ஆனா நூறு கோடி வருஷத்துக்கு மேல வயசான வெண்குள்ளன்கள் வானத்துல அப்படியே இருக்கு, தொலைநோக்கியில பாக்கலாம். அத விடவும் இறுக்கமான நியூத்திரன் நட்சத்திரத்த வெச்சும் இதே மாதிரி கணக்கு போட்டிருக்காங்க. சேர்ன் காரங்க சொல்றாங்கனு நம்ப வேணாம், அந்த நட்சத்திரங்கள் இன்னும் இருக்குறத வெச்சு நம்பலாம்.

டியூஷன் சேர் சொன்னது பொய் இல்ல, பாதி. நீங்க எறக்கி வெச்ச கொழுந்துக் கூடை தானா மேல எழும்ப வாய்ப்பு பூச்சியமானு கேட்டாலும் பௌதிகம் பூச்சியம்னு எழுதாது, பூச்சியத்துக்குக் கிட்டனு தான் எழுதும். அது அவங்க எழுதுற முறை. அதக் கேட்டுட்டு "அப்ப நடக்கலாம்"னு மனசுல எழுதிக்கிறது தான் பிழை, வளந்த ஆளுங்களும் செய்ற பிழை. இதே மாதிரி பயம் 1999ல அமெரிக்காவுல புரூக்ஹேவன் ஆய்வுகூடத்துல இருந்த மோதல் மெஷினுக்கும் வந்துச்சு, ஒரு குழுவ வெச்சு ஆராஞ்சு, 2000ல ஆரம்பிச்சு இருபது வருஷத்துக்கு மேல ஓட விட்டாங்க, பூமி இருக்கு.

நடராஜர், கேஸ்

கோயில் பெரியவர் சொன்ன சிலை நெசம். 2004 ஜூன் 18 இந்திய அரசாங்கம் அன்பளிப்பாக் கொடுத்தது, ரெண்டு மீட்டர் உயரம். துணிக்கைகள் உண்டாகி அழிஞ்சு திரும்ப உண்டாகுறத ஆனந்த தாண்டவத்தோட ஒப்பிட்டுத் தான் அத அங்க வெச்சாங்க. அந்தச் சிலைக்கு முன்னால நரபலி குடுக்குற மாதிரி 2016ல ஒரு வீடியோ வந்துச்சு, உங்க மகள் அதையும் பாத்திருக்கலாம், அது அங்க போயிருந்த சிலபேர் வெளையாட்டா நடிச்சது, சேர்ன் விசாரணையும் வெச்சுச்சு. நடராஜர் ஒரு கையில நெருப்ப வெச்சிருக்கார், இன்னொரு கையில உடுக்கை, அது படைப்பு. மூணாவது கை அபய கரம், பயப்படாதனு காட்டுற கை. பெரியவருக்கு இது தெரியாம இருக்காது, மரியாதையா ஞாபகப்படுத்துங்க.

கேஸ் போட்டுப் பாத்தாங்க. 2008ல அமெரிக்காவுல ஹவாய்ல போட்ட வழக்கு, இது எங்க அதிகாரத்துக்குள்ள வராதுனு தள்ளுபடி ஆச்சு. 2010ல ஜெர்மனி அரசியலமைப்பு நீதிமன்றமும் ஒரு பெண்மணியோட முறைப்பாட்ட ஏத்துக்கல, ஆபத்து எப்படி வரும்னு ஒழுங்கா விளக்கலைங்குறது அங்க காரணம். இலங்கையில இருந்து நீங்க போட வழி இல்ல, தேவையும் இல்ல. "தேனியில நியூட்ரினோ மெஷின மக்கள் நிப்பாட்டினாங்களே"னு எழுதியிருக்கீங்க, அது வேற கதை. தமிழ்நாட்டுல மலையக் குடைஞ்சு, எதோடயும் லேசுல மோதாத நியூட்ரினோங்குற குட்டித் துணிக்கைய ஆராயப் போட்ட திட்டம் அது. அங்க நியூட்ரினோவுக்குப் பயந்தவங்க பிழையாப் பயந்தாங்க, சூரியன்ல இருந்து ஒரு சதுர சென்டிமீட்டருக்கு விநாடிக்கு 6,500 கோடி நியூட்ரினோ நம்ம எல்லாரையும் ஊடுருவிப் போகுது, ஒண்ணும் ஆகுறதில்ல. ஆனா மலையக் குடையுறது, வெடி வெக்கிறது, தண்ணி, காடுனு கேட்டவங்களோட கேள்வி நியாயமான கேள்வி. 2022ல தமிழ்நாடு அரசாங்கமே அனுமதி தர மாட்டோம்னு உச்ச நீதிமன்றத்துல சொல்லிருச்சு.

போன், மந்திரம், கிளினிக்

போனப் பிடுங்காதீங்க. பிடுங்கினா பயம் உள்ளுக்குப் போயிரும், உங்களுக்குச் சொல்றதும் நின்னு போகும். ராத்திரி எட்டரைக்கு அப்புறம் போன் உங்க தலமாட்டுல இருக்கட்டும், தம்பி தங்கச்சி எல்லாருக்கும் அதே சட்டம், உங்களுக்கும் தான். ஒரு வீடியோவ முழுசாப் பாத்தா அதே மாதிரி பத்து வருது, அத அவளோட கைய வெச்சே "விருப்பமில்ல"னு அமத்தச் சொல்லுங்க. சாயங்காலம் அஞ்சு மணிக்கப்புறம் பிளேன்டீ வேணாம். நெஞ்சு படபடனு அடிச்சு கை வெறைக்கிறப்ப மூச்ச உள்ள இழுக்குறத விட வெளிய விடுறத நீளமா விடச் சொல்லி நீங்களும் கூட விடுங்க, அஞ்சு நிமிஷத்துல குறையும்.

பேய்க் கோளாறு இல்ல தங்கச்சி, இது பதட்ட நோய் மாதிரியான ஒண்ணு, சரியாகும். கோயிலுக்குக் கூட்டிட்டுப் போய் துன்னூறு பூசுங்க, அதுல ஒரு பிழையும் இல்ல. அடிக்கிறது, மொளகாப் புகை போடுறது, பட்டினி போடுறது, இதுக்கு யார் சொன்னாலும் விடாதீங்க.

ஒரு கேள்விய நீங்க நேராக் கேக்கணும்: "செத்துப் போகலாம்னு தோணுதா?" கேட்டா அந்த நெனப்பு புதுசா வந்துரும்னு பயப்படுவீங்க, அப்படி வராது, கேட்டா புள்ளைக்கு பாரம் தான் எறங்கும். 2008 செப்டம்பர்ல இந்த மெஷின் ஆரம்பிச்ச கிழமை, இந்தியாவுல ஒரு பதினாறு வயசுப் புள்ள டிவி செய்தியப் பாத்துப் பயந்து உயிர விட்டதா பத்திரிகைகள்ல வந்துச்சு. அதனால தான் இத வெளையாட்டுப் பயம்னு நான் எடுக்குறதில்ல. ஆமானு சொன்னா அவள தனியா விடாம அன்னைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்க, 1990க்கு அடிச்சா அம்பியூலன்ஸ் வரும். இல்லைனு சொன்னாலும் தூக்கமில்லாம ரெண்டு மாசம் ஓடியிருச்சு, ஆதார வைத்தியசாலையில மனநல வைத்திய அதிகாரி பாக்குற கிளினிக் நாள் எதுனு ஓபிடில விசாரிச்சு கூட்டிட்டுப் போங்க. 1926 தேசிய மனநல உதவி இலக்கம், தமிழ்லயும் பேசலாம்.

அந்தக் கடைசி வரி

"எங்களுக்குப் பழகிப் போச்சு"னு எழுதினீங்களே, மகளுக்குப் பழகல. பகல்ல நீங்க மலையில, அப்பா கொழும்புல, மழை பெய்யிறப்ப அந்தக் காம்பராவுல தம்பி தங்கச்சியோட இருக்குறது அவ. பூமி உள்ளுக்கு இழுத்துரும்ங்குற கனவு சுவிஸ்ல இருந்து மட்டும் வந்ததா எனக்குத் தெரியல. 2014 ஒக்டோபர் 29 காலையில கொஸ்லந்த மீரியபெத்தையில லயமே மண்ணுக்குள்ள போச்சு, அந்த எடம் அபாயம்னு, மண்சரிவு அபாயத்த ஆராயிற தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் முன்னுக்கே சொல்லியிருந்துச்சு, போறதுக்கு அந்த சனங்களுக்கு வேற எடம் கெடைக்கல. அதே வருஷக் கடைசியில உமா ஓயா நீர்த் திட்டத்துக்குத் தோண்டின சுரங்கத்துக்குள்ள தண்ணி பீறிட்டு பண்டாரவளைப் பக்கம் கெணறுகள் வத்தி வீடுகள்ல வெடிப்பு விழுந்துச்சு. பெரிய வேலை நடக்குறப்ப "ஒண்ணும் ஆகாது"னு சொன்னா நம்ம புள்ளைங்க நம்பத் தயங்குறது இப்படி வந்தது. அந்தத் தயக்கத்துக்காக அவள ஏசாதீங்க.

மெஷினுக்கு நீங்க செய்ய ஒண்ணும் இல்ல, மண்ணுக்கு இருக்கு. கிராம சேவகர் வந்து பாத்துட்டுப் போனதா எழுதியிருக்கீங்க, பாத்தது போதாது. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்த வெச்சு பரிசோதிக்கச் சொல்லி பிரதேச செயலாளருக்கு எழுத்துல குடுங்க, தமிழ்ல குடுக்கலாம், பிரதியில சீல் வாங்கி வெச்சுக்குங்க, லயத்துல எல்லாரும் கையெழுத்து வெச்சா இன்னும் நல்லம். ஏற்கனவே அறிக்கை ஏதும் இருந்தா, 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க தகவல் அறியும் உரிமைச் சட்டத்துல கேட்டு வாங்க உங்களுக்கு உரிமை இருக்கு, 14 வேலை நாளுக்குள்ள தர்றதா இல்லையானு சொல்லணும். தோட்டத்துல இதுக்கு யாராச்சும் முகம் சுளிச்சா தொழிற்சங்கத் தலைவரையும் கூட வெச்சுக்குங்க. நிலத்துல வெடிப்பு, மரம் சாயுறது, ஊத்துத் தண்ணி திடீர்னு கலங்குறது இல்லாட்டி நிக்கிறது, கதவு திடீர்னு இறுகுறது, இதுல ஒண்ணு கண்டா விடியட்டும்னு இருக்காதீங்க, புள்ளைங்களோட வெளிய வந்துருங்க, 117 அனர்த்த முகாமைத்துவ நிலையம்.

மகளுக்கும் ஒரு வேலை குடுங்க. அடியும் வாயும் ஒரே அகலமா இருக்குற பால்மா பேணி ஒண்ண, கூரைத் தண்ணி விழாத வெட்டவெளியில கல்லுக்கு நடுவுல இறுக்கி வெச்சு, தெனம் காலையில ஒரே நேரத்துல அடிமட்டத்த விட்டு அளந்து கொப்பியில எழுதிட்டுத் தண்ணிய ஊத்திரணும். 24 மணித்தியாலத்துல 75 மில்லிமீட்டர் தாண்டினா கவனம், 100 தாண்டினா பொருள கட்டி வெச்சுத் தயாரா இருக்கணும், 150 தாண்டினா அந்த எடத்துல இருக்கக் கூடாது, ஒரு மணித்தியாலத்துல 75 விழுந்தாலும் அப்படித்தான். அடை மழை பெய்யிற நாள்ல காலை வரைக்கும் காக்காம நடுவுலயும் பாக்கட்டும். எங்க போறதுனு, கோயிலா இஸ்கூலானு, இந்தக் கிழமையே பேசி முடிவெடுங்க, அப்பா வர்ற வரைக்கும் தள்ளிப் போடாதீங்க.

மகளோட துண்டுக் காகிதத்த தனி உறையில உங்களுக்குத் திருப்பி அனுப்பியிருக்கேன். பின் பக்கத்துல அந்த 14,500 புரோத்தன் கணக்க ஒவ்வொரு படியா எழுதியிருக்கேன், அவளயும் ஒருக்கா போட்டுப் பாத்து பிழை இருந்தா எனக்கு எழுதச் சொல்லுங்க.